மூன்று தலைவர்கள், ஒரே வண்டி

வண்டியைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். எனக்கு இன்ஜினைக் கழற்றவும் தெரியாது, மாட்டவும் தெரியாது. கார் பந்தயத்தில் இத்தனை வருடமாக நான் செய்ததெல்லாம், ஓட்டுபவனுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்து வரும் வளைவு எப்படிப்பட்டது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனதுதான். நேவிகேட்டர் என்று அதற்குப் பெயர். உட்கார்ந்துகொண்டே சம்பாதிக்கிறாள் என்று என் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனி இந்த வேலை ஆகாது என்று டாக்டர் கையை விரிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கிக்கொண்டேன்.

இப்போது அணியில் இருக்கும் உங்களுக்குத் தொழில்நுட்பத் தலைவர் மாறப்போகிறார் என்று கேள்விப்பட்டேன். பட்டறையில் ஆளுக்கொரு மூலையில் நின்று முணுமுணுக்கிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதனால்தான் கொல்லிமலையில் எங்களுக்கு நடந்ததைச் சொல்லத் தோன்றியது. புத்திமதி சொல்லப்போகிறாள் என்று நழுவிவிடாதீர்கள். எனக்கே அது பிடிக்காது.

அந்த மலையை நினைத்தால் எனக்கு வேகம் ஞாபகம் வருவதில்லை. வெள்ளையாக ஒரு நிதானம்தான் ஞாபகம் வருகிறது. அரியூர் நாட்டுப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்துக்குள் ஓடும் மண் சாலையை எங்கள் முதலாளி வருடா வருடம் சோதனை ஓட்டத்துக்காக வாடகைக்கு எடுப்பார். மேகம் அந்தச் சாலையில் படுத்துக்கிடக்கும். நாங்கள் போனால் கொஞ்சம் விலகிப் படுக்கும். மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே கேட்கும். வண்டி நிற்கிறது, மலைதான் எங்களைச் சுற்றி வழுக்கிப் போகிறது என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இன்றைக்கும் தூக்கம் வருவதற்கு முன்னால் அந்தச் சாலை வருகிறது.

முதலாளி நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர். பந்தயம் அவருக்குப் பைத்தியம். அவர் அணியின் முதல் தொழில்நுட்பத் தலைவரை நாங்கள் எல்லோரும் சார் என்று மட்டும்தான் கூப்பிட்டோம். சார் யார் பேச்சையும் முழுதாக நம்பமாட்டார். வண்டியை ஓட்டிய சுரேந்திரன் வந்து, "வளைவுல முன்பக்கம் ரொம்ப வெளிய தள்ளுதுங்க சார்" என்றால், அவர் காதில் 'கொஞ்சம்' என்றுதான் விழும். கொஞ்சமாகத்தான் மாற்றுவார். சுரேந்திரன் அதைச் சீக்கிரமே புரிந்துகொண்டான். கொஞ்சம் மாற்றம் வேண்டுமென்றால் ரொம்ப என்று சொல்ல வேண்டும் என்று பழகிவிட்டான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. புருஷன் பொண்டாட்டிக்குள் ஒரு கணக்கு ஓடுமே, அந்த மாதிரி தானாக ஓடியது.

வண்டி பிரமாதமாகப் போனது. பத்திரிகைக்காரர்கள் சாரின் கைராசி என்று எழுதினார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒருநாள் பெரிய அணி ஒன்று கூப்பிட, சார் எல்லோருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வரைபடம், அளவுகள், உதிரிபாகம் எல்லாவற்றையும் நேர்மையாக வைத்துவிட்டுத்தான் போனார். தன் காதை மட்டும் கூடவே எடுத்துக்கொண்டு போனார் என்பது எங்களுக்கு வெகுநாள் வரை தெரியாது.

இரண்டாவதாக வந்தவர் நல்ல பிள்ளை. கம்ப்யூட்டரில் கெட்டிக்காரர். கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறும்போதே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார். பாதி மலையில் லேப்டாப்பை என் மடிக்கு மாற்றிவிட்டு ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தார். அவருக்கு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் எங்களுக்குப் புது வண்டி கிடைத்தது, அதாவது பழைய வண்டியே அடையாளம் தெரியாமல் கிடைத்தது. எங்கள் ஆட்கள் அவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ஆபத்து என்று தோன்றியதை மட்டும் சத்தமில்லாமல் சாரின் வழியில் செய்தார்கள். அவர் திரையில் ஒரு வண்டி ஓடியது, தரையில் வேறொன்று ஓடியது. பாவம், வருடம் முடியும் முன்பே கிளம்பிவிட்டார்.

மூன்றாவதாக வந்தவர்தான் மேடம். சேலத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். சத்தம் போடமாட்டார், அலட்டிக்கொள்ளமாட்டார். சொன்னால் சொன்னதை அப்படியே கேட்டுக்கொள்வார். அவரிடமிருந்த ஒரே கோளாறு அதுதான்.

மேடம் வந்து மூன்று பந்தயம் ஆனது. மூன்றிலும் சொதப்பினோம். நேர்சாலையில் ஒழுங்காகப் போன வண்டி வளைவில் பின்பக்கத்தை வீசியது. சுரேந்திரன் ஒன்று சொல்வான், மேடம் அதற்கு மருந்து சொல்வார், மருந்து ஒருநாள் அதிகமாகும், ஒருநாள் பத்தாது. கடைசியில் எல்லார் கண்ணும் சுரேந்திரன் மேல் விழுந்தது. ஓட்டுகிறவனுக்கே வண்டி என்ன செய்கிறது என்று தெரியவில்லை என்று பேச்சு ஆரம்பித்தது. அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்பாவின் கோழிப்பண்ணையை வேண்டாமென்று உதறிவிட்டு வந்தவன் அவன். இந்த இருக்கை போனால் வேறு எந்த அணியும் அவனைத் தொடாது. முப்பது வயதைத் தாண்டியவனுக்குப் பந்தயத்தில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

அந்த நிலையில்தான் அன்றைக்கு மலைக்கு வந்திருந்தோம். காலையில் இரண்டு ஓட்டம் முடிந்தது, இரண்டும் மோசம். மேடம் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்று முதலாளியிடம் போனில் பேசினார். இறங்கி வந்தபோது முகம் சரியில்லை. சுரேந்திரன் காதில் விழாமல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"முதலாளி கெளம்பிட்டாருங்க. கூட ஒரு பையனைக் கூட்டிட்டு வாராரு. அவனை ஓட்ட வெச்சுப் பாக்கறாங்களாம். நாந்தான் மாத்திப் பாக்கலாம்னு சொன்னேன். சுரேந்திரன் சொல்றதை வெச்சு என்னால வேலை செய்ய முடியலீங்க. நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. அவரு சொல்றது நெசமா இல்லையா?"

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹெல்மெட் மைக்கில் இரண்டு பேர் பேசுவது வண்டிக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும் என்பது நேவிகேட்டர்களின் கட்டுப்பாடு. எழுதி வைத்த சட்டம் அல்ல. ஓட்டுகிறவன் பயத்தில் அம்மா என்று கத்துவான், பொண்டாட்டியைத் திட்டுவான், தன்னையே திட்டிக்கொள்வான். அதெல்லாம் வெளியே வந்தால் அடுத்த நாள் அவன் வாயைத் திறக்கமாட்டான். வாயைத் திறக்காத ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருவதைவிட வீட்டில் சும்மா இருக்கலாம்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். வண்டிக்குள் சுரேந்திரன் பேசும் பேச்சு வேறு. வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் அவன் மைக்கில் தனக்குத்தானே, "கொஞ்சூண்டு போகுது, கொஞ்சூண்டுதான்" என்பான். இறங்கி மேடத்திடம் போனதும் அதே வாய், "ரொம்பத் தள்ளுதுங்க" என்னும். சாரின் காலத்திலிருந்து நான் கேட்டு வரும் பாட்டு இது. அதுவரை எனக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை. மேடம் அந்தக் கேள்வியைக் கேட்ட நொடியில்தான் உறைத்தது. இந்த அம்மா 'ரொம்ப' என்பதை ரொம்ப என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்!

சொன்னால் அவன் பிழைப்பான். ஆனால் என்னை இனி நம்பமாட்டான். சொல்லாவிட்டால் அவன் என்னை நம்பிக்கொண்டே கோழிப்பண்ணைக்குப் போவான்.

அந்த நேரத்தில் சாலையின் குறுக்கே ஒரு டிராக்டர் வந்து நின்றது. குச்சிக்கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு புருஷனும் பொண்டாட்டியும். எங்கள் ஆள் கொடியைக் காட்டி நிறுத்த, மூட்டை மேலிருந்த அம்மாள் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"ஏனுங்க, காலையில இருந்து நீங்களேதான் போறீங்க, வாரீங்க. போறதுக்கு எதாச்சும் ஊர் இருக்குதுங்களா, இல்ல சும்மாதான் சுத்தறீங்களா?"

"சும்மாதானுங்க" என்றேன்.

"அப்ப நாங்க மொதல்ல போறமுங்க. எங்களுக்குப் போவோண்டிய ஊர் இருக்குது."

டிராக்டர் ஆடி அசைந்து மேகத்துக்குள் போனது. அது மறுபக்கம் போய்ச் சேரும்வரை சாலை எங்களுக்கு இல்லை. அந்த அம்மாளுக்கு இன்னும் நான் நன்றி சொல்லவில்லை. அவசரத்தில் எடுத்திருந்தால் நான் தப்பான முடிவைத்தான் எடுத்திருப்பேன். சுரேந்திரன் டயர் மேல் உட்கார்ந்து கையுறையைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தான். நேராக அவனிடமே போனேன்.

"சாமி, இந்த ஓட்டத்துக்கு என் சீட்டுல மேடம் வரட்டுமா?"

அவன் நிமிர்ந்தான். "எதுக்கக்கா? என்னைய வேவு பாக்கவா?"

"ஆமா. வேவு பாக்கத்தான். நான் வாயத் தொறக்க மாட்டேன்னு உனக்குத் தெரியும். அவங்களே கேட்டுக்கட்டும். நீ வேண்டாம்னா வேண்டாம்."

கையுறையை மறுபடி மாட்டினான். கீழே கொண்டை ஊசி வளைவுகளில் முதலாளியின் கார் எங்கேயோ ஏறிக்கொண்டிருக்கும் என்று எங்கள் ஆட்கள் வழியாக அதற்குள் அவனுக்கும் தெரிந்திருந்தது. "வரட்டுமுங்க" என்றான்.

மேடத்துக்கு என் ஹெல்மெட்டை நானே மாட்டிவிட்டேன். பாதி வேகத்தில் போ, எப்போதும் போல் பேசிக்கொண்டே போ என்று அவனிடம் சொன்னேன். வண்டி வெள்ளைக்குள் போய் மறைந்தது. என் வண்டியை நான் வெளியே நின்று கேட்டது அன்றுதான். உள்ளே இருக்கும்போது அது இரைச்சல். வெளியே நின்றால் மலையின் இந்த மடிப்பில் ஒரு தும்பி மாதிரி ரீங்காரம், அடுத்த மடிப்பில் ஒன்றுமே இல்லை, பிறகு எதிர்பாராத திசையிலிருந்து மறுபடி. இத்தனை வருடம் நான் அந்தச் சத்தத்துக்குள் வாழ்ந்திருக்கிறேனா என்று ஆச்சரியமாக இருந்தது.

பக்கத்தில் தங்கவேலு அண்ணன் நின்றார். ஷாக் அப்சார்பர் முழுக்க அவர் பொறுப்பு. அதை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு இருக்கிறது, திருப்பினால் கிளிக் கிளிக் என்று சத்தம் வரும், அந்த கிளிக்தான் அளவு. அவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"அம்மிணி, மேடம் காலைல நாலு கிளிக் சொன்னாங்க."

"சரிங்கண்ணா."

"நான் ரெண்டுதான் வெச்சேன்."

"ஏனுங்கண்ணா?"

"நாலு வெச்சா வண்டி குப்புற அடிச்சுருமே. சாரு நாலுன்னு சொன்னா ரெண்டுன்னுதான அர்த்தம்? நான் எப்புடியும் கொறைப்பேன்னு தெரிஞ்சு அவரே கூட்டித்தான சொல்லுவாரு."

"எல்லா தடவையும் கொறைச்சீங்களா?"

"இல்ல. எனக்குப் பயமா இருந்தாக் கொறைப்பேன். இல்லீனா சொன்னது சொன்னபடி."

எனக்குத் தலை சுற்றியது. ஒருவன் கூட்டிச் சொல்கிறான். ஒருவர் பயப்படும்போது மட்டும் குறைத்து வைக்கிறார். நடுவில் நிற்கும் மேடம், இரண்டு பக்கமும் எல்லாம் உள்ளபடி நடக்கிறது என்று நம்பிக் கணக்குப் போடுகிறார். தங்கவேலு அண்ணன் மேல் கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. அவர் வண்டியைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துச் செய்திருக்கிறார்.

"இதை அவங்ககிட்ட சொல்லிருங்கண்ணா."

"திட்டுவாங்களே."

"திட்டட்டும். இல்லீனா சுரேந்திரனை அனுப்பிருவாங்க."

வண்டி திரும்பி வந்தது. மேடம் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, கொஞ்ச நேரம் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி வேகத்துக்கே அப்படி. பிறகு எல்லோரும் கேட்கும்படி, "சுரேந்திரன், முன்பக்கம் எப்புடி இருக்குது?" என்றார்.

"ரொம்பத் தள்ளுதுங்க மேடம்."

சொல்லி முடித்ததும் அவனே வாயைப் பொத்திக்கொண்டான்.

"உள்ள கொஞ்சூண்டுன்னீங்க."

"அதுங்க... ரொம்பன்னு சொன்னாத்தானுங்க கொஞ்சமாச்சும் மாத்துவாங்க."

"யாரு மாத்துவாங்க?"

"சாருங்க."

"அவரு போயி ரெண்டு வருசமாச்சுங்க சுரேந்திரன்."

யாரும் சிரிக்கவில்லை. தங்கவேலு அண்ணன் மெதுவாக முன்னால் வந்து தன் கதையையும் சொன்னார். மேடம் திட்டவில்லை. கீழே உட்கார்ந்து செம்மண்ணை ஒரு குச்சியால் கிளறிக்கொண்டே யோசித்தார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால், சரி, இவன் பேச்சில் பாதியைக் கழிக்க வேண்டும், அவருக்குச் சொல்வதில் பாதியைக் கூட்ட வேண்டும் என்று புதுக் கணக்கு ஒன்றைப் போட்டிருப்பேன். அதுதான் சுலபம். சாரும் அதைத்தான் செய்தார். மேடம் அதைச் செய்யவில்லை.

"அண்ணா, இனிமே நான் நாலுன்னா நாலே வெய்யுங்க. வெக்கப் பயமா இருந்தா, பயமா இருக்குதுன்னு என் மூஞ்சிக்கு நேராச் சொல்லுங்க. நான் சொல்றது தப்பாப் போச்சுன்னா அது என் தப்பு. நீங்க சொல்லாமத் திருத்தி வெச்சீங்கன்னா, எது என் தப்புன்னே எனக்குத் தெரியாமப் போயிருமுங்க. அப்பறம் நான் எப்புடிக் கத்துக்கறது?"

நான் பார்த்த தலைவர்களிலேயே, கத்துக்கறது என்ற வார்த்தையைப் பட்டறை ஆட்களிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். எனக்கு அந்த நிமிடத்தில் அவர் மேல் பெரிய பிரியம் வந்தது. உங்களுக்கு வரப்போகிறவர் எப்படிப்பட்டவரோ எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பேச்சை முந்தைய தலைவரின் பேச்சாக மாற்றிக் கேட்காதீர்கள். அவரும் நீங்கள் சொல்வதை உங்கள் பழைய கணக்கில் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்லவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டியைக் கெடுக்க அது போதும்.

முதலாளி வந்து சேர்ந்தார். கூட வந்த பையன் நல்ல துடிப்பானவன், பந்தய உடையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தான். அவனைப் பார்த்ததும் சுரேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னங்கம்மா, தம்பிய ஓட்டச் சொல்லலாமா?" என்றார் முதலாளி.

"வேண்டாமுங்க. காலைல மாத்தலாம்னு சொன்னது நாந்தான். அது தப்புங்க. சுரேந்திரன்கிட்டக் கோளாறு இல்ல. எங்களுக்குள்ள பேச்சுத்தான் சரியில்லாம இருந்துச்சு."

"அது கெடக்கட்டும். வண்டி எப்ப ஓடும்?"

மேடம் அவரை நேராகப் பார்த்தார். "தெரியலீங்க."

முதலாளிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு மாசம் என்று தலைவர்கள் சொன்னால் அதை மூன்று மாசமாக மனதில் எழுதிக்கொள்வார். தெரியலீங்க என்பதை எத்தனையால் பெருக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் இருந்த மரங்கள்கூட மறைகிற அளவுக்கு மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது.

"சரி, அவனையே ஒருக்கா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. நான் இங்கயே நின்னு பாக்கறேன். அதுக்கப்பறம் முடிவு பண்ணிக்கலாம்."

தங்கவேலு அண்ணன் மேடம் சொன்ன கிளிக்கை வாய்விட்டு எண்ணிக்கொண்டே வைத்தார். நான் என் இருக்கையில் ஏறிப் பட்டையை இறுக்கினேன். சுரேந்திரன் புறப்படும் முன் என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, ஒண்ணும் தெரியல முன்னாடி."

"எனக்குத் தெரியும் கண்ணு. நான் சொல்றேன்."

கிளம்பினோம். எதிரே வெறும் வெள்ளை. நான் சொல்லச் சொல்ல இல்லாத இடத்திலிருந்து வளைவுகள் வந்தன. நான் சொன்ன பிறகுதான் அவை உண்டாகின்றன என்று தோன்றியது. தோட்டத்தின் நடுவே ஒரு மேடு உண்டு. ஏறி முடித்ததும் சாலை வலது பக்கம் அகலமாகத் திரும்பும். தெளிந்த வெயிலில்கூட அங்கே மறுபக்கம் தெரியாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காதே என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன், ஒவ்வொரு முறையும் அவன் கால் ஒரு நொடி எழும், இன்ஜின் சத்தம் ஒரு நொடி இறங்கும். என் பேச்சிலிருந்து அவன் கழித்துக்கொண்டது அது.

"மேடு. வலது, அகலம். காலை எடுக்காத."

மேட்டில் ஏறினோம். வானம் மட்டும்தான் இருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். சத்தம் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கனவில் நடப்பது மாதிரி நடந்தது. சாலை எங்களைக் கையில் ஏந்திக்கொண்டு போய் முதலாளியின் காலடியில் இறக்கி வைத்தது. அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். கூட வந்த பையனின் தோளில் கை போட்டு, "தம்பி, வந்ததுக்கு அருவியப் பாத்துட்டுக் கெளம்பலாம் வாங்க" என்று கூட்டிப் போனார்.

மேடம் ஜன்னலருகே குனிந்தார். "முன்பக்கம் எப்புடிங்க?"

சுரேந்திரன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "கொஞ்சம் தள்ளுதுங்க மேடம். இன்னும் ஒரு கிளிக் வேணுமுங்க."

"ஒண்ணா?"

"ஒண்ணுதானுங்க."

மேடம் தங்கவேலு அண்ணனைப் பார்த்தார். அவர் திருகுச்சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய், ஒன்றுதான் வைத்தார்.